வடித்த ஒயில் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

கிளச் பிளேட் மாற்றுவது பெரிய வேலை இல்லை. வலது பக்கக் கவரைக் கழற்றினால் போதும். கை பழகிய பாஸ் (மெக்கானிக்) ஒருவர் காலையில் தொடங்கினால் பகல் சோற்றுக்கு முன் முடித்துவிடுவார். கியர் பொக்ஸ் அப்படி இல்லை. நம் இலங்கை மலைநாட்டு வீதிகளில் ஓடும் 100, 125, 150 சிசி பைக்குகளில் பெரும்பாலானவற்றில் என்ஜினும் கியரும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. என்ஜினைச் சேஸியிலிருந்து இறக்கி, ஹெட்டையும் போரையும் (சிலிண்டர்) கழற்றி, கூட்டை இரண்டாகப் பிரித்தால்தான் கியர்ச் சக்கரம் கண்ணில் படும். திரும்பப் பூட்டும்போது கேஸ்கட், ஒயில் சீல் என்று சின்னச் சின்னச் சாமான்களின் பட்டியல் வேறு நீளும்.

அதனால் வண்டி மக்கர் செய்யும்போது எழும் “கிளச்சா, கியரா?” என்ற கேள்விக்கு முதலிலேயே சரியான பதில் கிடைத்தால் பலருக்கு ஒரு மாதச் சம்பளம் மிஞ்சும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய பைக்கைத் தள்ளிவிட்டுப் புதிதாக எடுப்பது நம்மில் பலருக்குக் கனவாகிவிட்டது. இறக்குமதி மறுபடி திறந்த பிறகும் விலை எட்டுகிற உயரத்துக்கு இறங்கவில்லை. இருப்பதை வைத்தே ஓட்ட வேண்டும் என்றால் உள்ளே என்ன தேய்கிறது என்று வடித்த ஒயிலை வைத்தே தெரிந்துகொள்வது நல்லது.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்தது சொந்தச் செலவில்தான். சில வருடங்களுக்கு முன் என் 125இல் நியூட்ரல் விழ மறுத்தது. பெற்றோல் செட்டில் நின்றால் காலால் மேலும் கீழும் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் முதல் கியர் போட்டதும் டொக்கென்று ஒரு சத்தத்தோடு வண்டி முன்னால் குதிக்கும். டவுனில் ஒரு கராஜில் காட்டினேன். “தம்பி, கியர் போயிருச்சு. பிரிச்சுப் பார்த்தாத்தான் மத்ததைச் சொல்லலாம்” என்றார்கள். பிரித்தார்கள். கியர்ச் சக்கரங்கள் புதுசு போல இருந்தன. கோளாறு இருந்தது பிளேட்டுகளைத் தாங்கும் கூடான கிளச் ஹவுசிங்கில். பிளேட்டின் காதுகள் இடித்து இடித்து அலுமினிய விரல்களில் பள்ளம் விழுந்திருந்தது. பிளேட்டுகள் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டதால் கிளச்சை முழுசாக அமுக்கினாலும் அது முழுசாக விடவில்லை. வலது கவரைக் கழற்றியிருந்தாலே தெரிந்திருக்கும். அதற்கும் முன்னால், வடித்து பீப்பாவில் ஊற்றிவிட்ட அந்த ஒரு லீற்றர் கறுத்த ஒயிலில் அதற்கான தடயம் இருந்தது.

ஒயிலைச் சோதித்து இயந்திரத்தின் உள்ளே பார்க்கும் வித்தை புதிதல்ல. அது மலையேறும் ரயிலில் பிறந்தது என்பது எனக்குப் பிடித்த விஷயம். அமெரிக்காவின் ரொக்கி மலைகளைக் கடக்கும் டென்வர் அன்ட் ரியோ கிராண்ட் ரயில்வே, 1946 வாக்கில் தன் டீசல் என்ஜின்களின் பழைய ஒயிலில் என்னென்ன உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்கத் தொடங்கியது. பெயாரிங் உடைந்து நடுமலையில் ரயில் நிற்பதற்கு முன்பே அது தேய்வதை ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்தார்கள். நம் பதுளைப் பாதையில் நானுஓயா ஏற்றத்தை இழுத்த கனடா டீசல் என்ஜின்கள் இங்கே வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து, 1954இல். பிறகு அமெரிக்கக் கடற்படை தன் விமானங்களுக்கு இந்த ஒயில் சோதனையையே எடுத்துக்கொண்டது. இன்று கப்பல், ஜெனரேற்றர், பெரிய லொறிக் கம்பனிகள் எல்லாமே இதைச் செய்கின்றன. மோட்டார் சைக்கிளுக்கும் செய்யலாம். ஆனால் அங்கே ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

ஒரே சட்டியில் மூன்று கறி

காரில் என்ஜினுக்கு ஒரு ஒயில், கியர் பொக்ஸுக்கு வேறொன்று. கிளச் ஒயிலே படாமல் காய்ந்து கிடக்கும். கியர் ஒயிலில் இரும்பு கூடினால் கியரைச் சந்தேகிக்கலாம். நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளில் பெரும்பாலும் அதே ஒரு லீற்றர் ஒயில்தான் பிஸ்டனையும் நனைக்கிறது, கியர்ப் பல்லையும் நனைக்கிறது, கிளச் பிளேட்டுக்கு நடுவிலும் ஓடுகிறது. மூன்று கறியை ஒரே சட்டியில் சமைத்துவிட்டு, உப்பு எந்தக் கறியிலிருந்து வந்தது என்று கேட்பது மாதிரி.

ஆகவே ஆய்வுகூட அறிக்கை வந்ததும் “இரும்பு 40, கியர் போச்சு” என்று முடிவுகட்டுகிறவர்களை நம்ப வேண்டாம். இரும்பு போரிலிருந்தும் வரும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டிலிருந்தும், கியரிலிருந்தும், கிளச்சின் ஸ்டீல் பிளேட்டிலிருந்தும் வரும். அறிக்கை குற்றவாளியின் பெயரைச் சொல்லாது. சந்தேகப்பட வேண்டியவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவுதான். அதுவும் ஒரு உலோகத்தைத் தனியாகப் பார்க்காமல், எதோடு எது சேர்ந்து ஏறுகிறது என்று பார்த்தால் மட்டும்.

இதில் ஒரு வேடிக்கை. பழைய டூ ஸ்ட்ரோக் பைக் வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை. அதில் என்ஜினுக்கான ஒயில் பெற்றோலோடு எரிந்து போய்விடும். கியருக்கும் கிளச்சுக்கும் மட்டும் தனி ஒயில். அங்கே கரி சேர வழியில்லை. அதனால் அந்த ஒயில் சீக்கிரம் கறுத்தால் முதலில் கிளச்சைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஊரில் எல்லோரும் புகை வண்டி என்று கிண்டல் செய்யும் அந்தக் கிழட்டு பைக்தான் இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறது.

ஸ்கூட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹொண்டா டியோ மாதிரியான வண்டிகளில் பெல்ட்டும் காய்ந்த கிளச்சும் தனியாக இருக்கின்றன. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் கியர் ஒயில் தனியாக. என்ஜின் ஒயிலை எத்தனை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாலும் அது கிளச்சைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

எண்களை எப்படி வாசிப்பது

ஆய்வுகூடத்தில் நடப்பது இதுதான். சிறிதளவு ஒயிலைப் பல ஆயிரம் பாகை வெப்பமுள்ள பிளாஸ்மாவுக்குள் தூவுவார்கள். அடுப்பில் உப்புச் சிதறினால் தீ மஞ்சளாக எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே போல ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய ஒளியை விடும். எந்த ஒளி எவ்வளவு என்று அளந்து பிபிஎம் கணக்கில், அதாவது பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று தருவார்கள்.

50 பிபிஎம் இரும்பு என்றால் எவ்வளவு? ஒரு லீற்றர் ஒயில் ஏறக்குறைய 870 கிராம் இருக்கும். அதில் 50 பிபிஎம் என்பது 43 மில்லிகிராம் அளவு. இரண்டு அரிசி மணியின் எடை. அவ்வளவு இரும்பு மாவாகி ஒயிலில் மிதக்கிறது என்று அர்த்தம். காரில் நான்கு லீற்றர் ஒயில் இருப்பதால் அதே அளவு தேய்மானம் அங்கே 12, 13 பிபிஎம்தான் காட்டும். இணையத்தில் காருக்குப் போட்டிருக்கும் எல்லை எண்களை எடுத்து நம் பைக்கோடு ஒப்பிட்டு நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனி சோடி சோடியாகப் பார்ப்போம். இரும்போடு குரோமியமும் கூடினால் கியரை விட பிஸ்டன் ரிங்கைத்தான் முதலில் நினைக்க வேண்டும். காரணம் எளிய கணக்கு. கியருக்குப் பயன்படும் எஃகில் குரோமியம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். கியர் தேய்ந்து 30 பிபிஎம் இரும்பு வந்தால் அதோடு வரும் குரோமியம் 0.3. அதை அறிக்கையில் பூச்சியம் என்றே எழுதிவிடுவார்கள். ஆகவே குரோமியம் 4, 5 என்று நின்றால் அது குரோம் பூசிய ரிங்கிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பே அதிகம். இரும்பு மட்டும் தனியாக ஏறி, குரோமியம் அசையாமல், அலுமினியமும் அசையாமல் இருந்தால் கியர்ப் பல், கேம்ஷாஃப்ட், ஸ்டீல் பிளேட் என்று பட்டியல் சுருங்கும்.

அலுமினியம் கொஞ்சம் தந்திரக்காரன். பிஸ்டனும் அலுமினியம், கிளச் ஹவுசிங்கும் அலுமினியம். என் வண்டியில் நடந்தது போல ஹவுசிங் விரல்கள் குழிந்தால் அலுமினியம் ஏறும், கூடவே கொஞ்சம் இரும்பும் ஏறும். ஆனால் அலுமினியத்தோடு சிலிக்கனும் ஏறியிருந்தால் முதலில் எயார் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே போயிருப்பது மண். இங்கே நம் பகுதிக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. மலைநாட்டுச் சிவந்த மண்ணில் சிலிக்காவோடு இரும்பு, அலுமினிய ஒக்சைட்டுகளும் இருக்கின்றன. தோட்டத்து மண் ரோட்டில் வறண்ட மாதங்களில் கொழுந்து லொறிக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டு போனவரின் ஒயிலில் காணும் இரும்பில் கொஞ்சம் ரோட்டிலிருந்தே வந்திருக்கலாம். அந்தத் தூசி உள்ளே போய் போரையும் ரிங்கையும் அரைத்து இன்னும் இரும்பைச் சேர்க்கும் என்பது அடுத்த கதை.

சிலிக்கன் தனியாகத் துள்ளியிருந்தால் பயப்பட வேண்டாம். அண்மையில் யாராவது கவரைக் கழற்றிப் பூட்டியிருப்பார்கள். கேஸ்கட்டுக்குப் பூசும் பசையிலிருந்து அது வரும்.

செம்பு ஏறினால், அதோடு தகரமும் கூட இருந்தால், வெண்கல புஷ், அதாவது தண்டைச் சுற்றியிருக்கும் வளையம், ஏதோ தேய்கிறது. கியர்ச் சக்கரம் சுழலும் புஷ்ஷாக இருக்கலாம். கிளச் ஹவுசிங்கின் நடுப் புஷ்ஷாகவும் இருக்கலாம். சிலவகைக் கிளச் பிளேட்டிலும் செம்பு கலந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. நாகத்தை (சிங்க்) கொண்டு பித்தளையைக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். முடியாது. தேய்மானத்தைக் குறைக்க என்ஜின் ஒயிலில் நாகமும் பொஸ்பரசும் சேர்ந்த மருந்தைக் கம்பனியே கலந்துதான் விற்கிறது. அந்த ஆயிரம் பிபிஎம் அளவு நாகத்துக்கு நடுவில் புஷ்ஷிலிருந்து வந்த ஐந்து பிபிஎம்மை எங்கே தேடுவது?

ஒரே ஒரு அறிக்கையை வைத்துக்கொண்டு இவ்வளவும் படிக்க முயல்வது சாத்திரக்காரன் வேலையாகிவிடும். இரண்டு, மூன்று ஒயில் மாற்றத்துக்குத் தொடர்ந்து எடுத்து, ஆயிரம் கிலோமீற்றருக்கு எவ்வளவு ஏறியது என்று வகுத்துப் பார்த்தால்தான் அதற்குப் பொருள் வரும். புது வண்டியின் முதல் ஒயிலில் எல்லா உலோகமும் எக்கச்சக்கமாக இருக்கும், அது இயல்பு. இடையில் ஒயில் குறைந்து அரை லீற்றர் ஊற்றியிருந்தால் எல்லா எண்ணும் குறைவாகத் தெரியும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இயந்திரத்தின் குருட்டுக் கண்

இப்போது கிளச்சுக்கு வருவோம். கிளச் தேய்ந்தால் உண்மையில் தேய்வது எது? ஸ்டீல் பிளேட் அல்ல. அதற்கு நடுவில் இருக்கும் உராய்வுப் பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கும் பொருள்தான். அது கடதாசி நாரும் பிசினும் சேர்ந்த கலவை; சில பழைய பைக்குகளில் தக்கை. அதாவது பெரும்பாலும் உலோகமே இல்லை. உலோகத்தை மட்டும் எண்ணும் இயந்திரத்துக்கு அது கண்ணுக்கே தெரியாது. கிளச் பிளேட் முழுவதும் கரைந்து ஒயிலில் ஓடினாலும் அறிக்கை சுத்தமாக இருக்கலாம். ஒயில் பரிசோதனையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

எதிர்ப்பக்கத்திலும் இதே குருட்டுத்தனம். அந்த ஒளி அளக்கும் முறை சில மைக்ரோன் அளவுத் துகள்களைத்தான் ஒழுங்காகப் பிடிக்கும். கியர்ப் பல்லின் நுனி அரிசி மணி அளவுக்கு உடைந்து விழுந்தால் அதன் எடை நூறு மில்லிகிராமுக்கு மேல். 50 பிபிஎம் இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் கூட. ஆனால் அது ஒயிலில் மிதக்காது. அடியில் போய் உட்கார்ந்துவிடும். அறிக்கையில் அதற்கு ஒரு புள்ளிகூட ஏறாது. மெதுவாக மாவாகத் தேய்வதை ஆய்வுகூடம் கண்டுபிடிக்கும். துண்டாக உடைவதை ஒயில் வடிக்கும் ட்ரெயின் போல்ட்டும் உள்ளே ஒயிலை வடிகட்டும் வலையும்தான் கண்டுபிடிக்கும். கியர் விஷயத்தில் நமக்கு அதிகம் பயம் தரும் கோளாறு துண்டாக உடைவதுதான். இரண்டு கியர்ச் சக்கரங்களை ஒன்றோடொன்று பூட்டுகிற பக்கவாட்டுப் பற்களின் முனை மழுங்கி, இறக்கத்தில் ஆக்ஸிலேற்றரை விட்டதும் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருமே, அந்த வகை. அங்கே உடைந்து விழுவது செதில் செதிலாக.

ஆகவே ஆய்வுகூடத்துக்கு ஒரு போத்தல் அனுப்புவதற்கு முன் வடித்த சட்டியில் நம் கண்ணே முதல் ஆய்வுகூடம். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை ஒரு பொலித்தீனில் சுற்றி, வடித்த ஒயிலில் மெதுவாகச் சுற்றி எடுங்கள். சாம்பல் நிறத்தில் பசை மாதிரி மெல்லியதாக ஒட்டினால் பரவாயில்லை, எல்லா வண்டியிலும் வரும். விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்க்கும்போது நெருடினால், வெளிச்சத்தில் ஓரம் கூராகத் தெரியும் செதிலாக இருந்தால், கியர் அல்லது பெயாரிங். காந்தத்தில் ஒட்டாமல் வெள்ளியாக மினுங்கினால் அலுமினியம். பொன்னிறமாக மினுங்கினால் புஷ். பிறகு ஒயிலை ஒரு வெள்ளைத் துணியிலோ கோப்பி வடிகட்டும் கடதாசியிலோ வடித்துப் பாருங்கள். கறுப்பு நார், தூள் என்று தங்கினால் அதுதான் ஆய்வுகூடத்தின் கண்ணுக்குத் தப்பிய கிளச் பிளேட். மூக்கையும் சும்மா வைக்க வேண்டாம். பிளேட் சூடேறிக் கருகியிருந்தால் ஒயிலில் சாதாரண ஒயில் மணத்துக்கு மேலாக ஒரு கருகல் வாடை இருக்கும். ஒரு தடவை மோந்தவருக்கு மறக்காது.

ஹொண்டா வம்சத்துச் சின்ன என்ஜின்களில் இன்னொரு புதையல் உண்டு. கடதாசி ஃபில்டருக்குப் பதிலாக, பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்கின் நுனியில் ஒரு சிறிய கிண்ணம் சுழன்று அழுக்கைச் சுவரில் ஒதுக்கும். ஒயில் மாற்றும்போது அது வெளியே வராது. கவரைக் கழற்றி அந்தக் கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே களிமண் போலக் கெட்டியாக ஒரு படிவு. அது அந்த வண்டியின் பல வருட வரலாறு. அதை மண்ணெண்ணெயில் கரைத்துக் காந்தம் வைத்துப் பார்த்தால் ஒரு போத்தல் ஒயில் சொல்லாததையும் சொல்லும். பல கராஜ்களில் அதைத் துடைத்து எறிந்துவிடுகிறார்கள். எனக்கு வயிறு எரியும்.

மலையின் கைவரிசை

மலைநாட்டு பைக்கின் அறிக்கையில் முதலில் கண்ணில் படுவது தேய்மானமாக இல்லாமல் நம் வானிலையும் பழக்கமுமாகவே இருக்கும். வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. லயத்து வீட்டிலிருந்து தேயிலை ஸ்டோருக்கு இரண்டு கிலோமீற்றர் ஓட்டி நிறுத்தினால் ஒயில் சூடாகவே இல்லை. உள்ளே வியர்த்த தண்ணீர் ஆவியாகப் போக நேரம் கிடைப்பதில்லை. ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் பால்தேநீர் நிறத்தில் ஒரு பசை. காற்றில் குளிரும் என்ஜின் என்றால் ரேடியேற்றர் தண்ணீர் என்ற சந்தேகமே இல்லை. அது மழையும் குளிரும் செய்தது. இப்படித் தண்ணீர் இருக்கும் ஒயிலில் இரும்பு கூடியிருந்தால் அது தேய்மானமா, துருவா என்று கேட்க வேண்டும். ஈரத்தில் நின்ற வண்டியின் கிளச் ஸ்டீல் பிளேட்டுகளில் துரு படியும். அறிக்கையில் துருவும் இரும்புதான். வீட்டில் பார்க்க ஒரு வழி: ஒரு பழைய இரும்புத் தகட்டை நன்றாகச் சூடாக்கி ஒரு சொட்டு ஒயில் விடுங்கள். கடுகு தாளிப்பது போலப் பொரிந்தால் தண்ணீர். முகத்தை எட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் ட்யூன் செய்த கார்புரேற்றர் வண்டி அங்கே தேவையை விட அதிகப் பெற்றோலைக் குடிக்கும். விடியலில் குளிரென்று சோக்கையும் இழுத்துவிட்டால் எரியாத பெற்றோல் போரின் சுவர் வழியாக ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் மெலிந்துவிடும். இது ஏன் முக்கியம் என்றால், ஒயில் மெலிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கியர்ப் பற்கள். 20டபிள்யூ50 போன்ற ஒயில்களில் சூட்டிலும் கெட்டியாக இருப்பதற்காக நீண்ட பொலிமர் இழைகளைச் சேர்க்கிறார்கள். கியர்ப் பற்கள் இரண்டுக்கும் நடுவில் சிக்கி அந்த இழைகள் நறுக்கப்படும். காரை விட மோட்டார் சைக்கிளில் ஒயில் சீக்கிரம் மெலிவது இதனால்தான். 100 பாகை சூட்டில் 40 தர ஒயிலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 12.5க்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. அறிக்கையில் 11 என்று இருந்தால் பெற்றோல் கலந்ததா, பல் நறுக்கியதா? பெற்றோலின் அளவு என்ற வரியைப் பாருங்கள். அது பூச்சியமாக இருந்தால் நறுக்கியதுதான். அப்படியானால் கியருக்குக் கோளாறு என்று அர்த்தம் இல்லை. ஒயிலுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் கிலோமீற்றர் கணக்கு. கல்பிட்டியின் சமவெளியில் நான்காவது கியரில் போன ஆயிரம் கிலோமீற்றரும், இறம்பொடை முடக்குகளில் முதல் கியரிலும் இரண்டாவதிலும் மரக்கறி மூட்டையோடு ஏறிய ஆயிரம் கிலோமீற்றரும் மீற்றரில் ஒன்றுதான். கிளச்சைப் பொறுத்தவரை அவை வேறு வேறு. ஒவ்வொரு முடக்கிலும் அரைக் கிளச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறோம். மலையில் ஓடுகிறவர் புத்தகத்தில் போட்ட கிலோமீற்றருக்குச் சற்று முன்பே ஒயிலை மாற்றுவது வீண் செலவு இல்லை என்பது என் எண்ணம்.

இறக்கத்தில் இன்னொன்று. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று நொந்தவர்களில் பலர் கினிகத்தேனை இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் விட்டுக்கொண்டு போகப் பழகினார்கள். ஒயில் பம்ப் கிராங்கோடு சேர்ந்துதான் சுழலும். என்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். ஆனால் பின்சக்கரம் செயினை இழுக்க, செயின் கியர்த் தண்டைச் சுழற்ற, சில சக்கரங்கள் அழுத்தத்தில் வரும் ஒயில் இல்லாமலே புஷ்ஷின் மேல் ஓடுகின்றன. செம்பு ஏறுவதற்கு இது ஒரு காரணமாகலாம். பிரேக் மட்டும் நம்பி மலை இறங்குவது உயிருக்கே ஆபத்து என்பது தனி விஷயம். ஒரு சொட்டுப் பெற்றோலை மிச்சப்படுத்த இவ்வளவா என்று கேட்டால் வரிசையில் நின்றவர்கள் என் மேல் பாய்வார்கள்.

ஒயிலே குற்றவாளியாக இருக்கும்போது

கிளச் வழுக்கினால் எப்போது தொடங்கியது என்று முதலில் கேளுங்கள். மூன்றாவது கியரில் ஏற்றத்தில் ஆக்ஸிலேற்றரைத் திருகினால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் அது வழுக்கல். மாதக் கணக்கில் மெல்ல மெல்ல வந்தது என்றால் பிளேட் அல்லது ஸ்பிரிங். ஒயில் மாற்றிய அடுத்த வாரமே வந்தது என்றால் ஒயில்.

கார் ஒயில்களில் சிலவற்றில், குறிப்பாக எரிபொருள் மிச்சம் என்று போட்ட மெல்லிய தரங்களில், உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். கிளச் வேலை செய்வதே உராய்வால்தான். இதற்காகவே ஜப்பான்காரர்கள் 1998இல் ஜாசோ என்ற தனித் தரத்தைக் கொண்டுவந்தார்கள். எம்ஏ என்றால் ஒயிலில் நனையும் கிளச்சுக்கு ஏற்றது, எம்பி என்றால் உராய்வு குறைந்தது, ஸ்கூட்டிக்கு. 2006இல் எம்ஏவை எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். எம்ஏ2 அதிகமாகப் பிடிக்கும். விலை குறைவு என்று வாங்கிய கேனின் முதுகில் அந்த ஜாசோ முத்திரைப் பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பது எந்தப் பரிசோதனையை விடவும் மலிவு.

கேனில் போட்டிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதனால்தான் பழைய ஒயிலோடு, அதே கேனிலிருந்து எடுத்த புது ஒயிலையும் ஒரு தடவை அனுப்பச் சொல்கிறேன். புதிதில் நாகம், பொஸ்பரஸ், கல்சியம் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் பழையதில் என்ன குறைந்தது என்று எப்படிச் சொல்வது?

மாதிரி எடுக்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 1925இல் தொடங்கி இன்று தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு மண் அனுப்புகிறவர்கள் கானோரத்தில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போவதில்லை. மலை முழுக்க நடந்து பல இடங்களில் எடுத்துக் கலக்குவார்கள். ஒயிலுக்கும் ஒழுங்கு உண்டு. இருபது நிமிடம் ஓட்டி, சூட்டோடு வடிக்க வேண்டும். ட்ரெயின் போல்ட்டைச் சுற்றியுள்ள சேற்றை முதலில் துடையுங்கள், இல்லாவிட்டால் சிலிக்கன் அங்கிருந்தே வரும். முதலில் வரும் ஒயிலைப் போகவிட்டு, நடு ஒழுக்கில் நூறு மில்லிலீற்றர் பிடியுங்கள். கடைசி வண்டல் வேண்டாம், அதற்குக் காந்தம் இருக்கிறது. போத்தல் காய்ந்திருக்க வேண்டும். சாராயப் போத்தலைக் கழுவிக்கொண்டு வந்து அதில் பிடித்துவிட்டு, ஒயிலில் தண்ணீர் என்று அலறியவர் ஒருவரை எனக்குத் தெரியும். போத்தலின் மேல் வண்டியின் மொத்தக் கிலோமீற்றர், அந்த ஒயில் ஓடிய கிலோமீற்றர், ஒயிலின் பெயர், இடையில் ஊற்றிய அளவு, எப்போது எந்தக் கவர் கழற்றப்பட்டது என்று எழுதுங்கள்.

வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் ஒரு மாதிரிக்கு 30, 40 டொலர் வாங்குகிறார்கள். சின்ன பைக்குக்கு ஒவ்வொரு தடவையும் அது கட்டுப்படியாகாது. கியரா கிளச்சா என்று உண்மையிலேயே இரண்டும் கெட்டான் நிலையில் இருக்கும்போது, என்ஜினை இறக்கும் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மட்டும் நியாயம். காந்தத்தில் கூரான செதில் வந்துவிட்டதா, பரிசோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம், பிரிக்கத்தான் வேண்டும். காந்தம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் நியூட்ரல் விழவில்லை என்றால் வலது கவரை முதலில் கழற்றச் சொல்லுங்கள். பாஸ் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

என் வண்டிக்குப் புது ஹவுசிங் போட்டு இப்போது நான்காவது ஒயில் ஓடுகிறது. முந்திய மூன்றிலிருந்தும் எடுத்த போத்தல்கள் சமையலறை அலமாரியின் மேல் தட்டில் வரிசையாக நிற்கின்றன. வீட்டில் அவற்றைத் தேன் என்று நினைத்துத் திறந்து பார்த்த பிறகு ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் ‘ஒயில்’ என்று எழுதியிருக்கிறேன்.